செஸ்னா 150, 152: அமெரிக்காவில் இரண்டு இருக்கை விமானம் ஒன்றை வாங்கிப் பறப்பதற்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் ஒரு புதிய காரின் விலைக்குள் ஒரு விமானத்தைச் சொந்தமாக்கிக்கொள்ள முடியும் என்பதை முதன்முறை கேட்பவர்கள் எளிதில் நம்புவதில்லை. செஸ்னா நிறுவனத்தின் 150 மாதிரி 1957 செப்டம்பரில் முதன்முதலாகப் பறந்தது. 1958 முதல் 1977 வரை 23,800க்கும் மேற்பட்ட 150 விமானங்களும், அதன் வழித்தோன்றலான 152 மாதிரியில் 1985 வரை 7,500க்கும் மேற்பட்டவையும் தயாராயின. இத்தனை பெரிய எண்ணிக்கையே இந்த விமானத்தின் மிகப் பெரிய பலம். உதிரிபாகங்கள் கிடைக்கின்றன, எந்தச் சிறிய விமான நிலையத்திலும் இதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறார், காப்பீட்டு நிறுவனங்களுக்கும் இது பழக்கப்பட்ட பெயர். 150 மாதிரியின் விலை அதன் நிலையைப் பொறுத்து ஏறத்தாழ 25,000 டாலரில் தொடங்குகிறது. நன்றாகப் பராமரிக்கப்பட்ட 152க்கு அதைவிடக் கணிசமாகக் கூடுதலாகக் கேட்பார்கள்.

ஆனால் வாங்கும் விலையை மட்டும் பார்த்து இதில் இறங்கக் கூடாது என்பதே இந்த வழிகாட்டியில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது. அடிக்கடி பறக்கும் விமானம் மலிவாக முடிகிறது. நிறுத்தி வைக்கப்பட்ட விமானம் பணத்தையும் எஞ்சினையும் ஒருசேரத் தின்கிறது. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியிலும் இந்த உண்மை ஏதோ ஒரு வடிவில் வந்துகொண்டே இருக்கும்.

உங்கள் பெயரில் பதிவு செய்ய முடியுமா?

அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் விலையை விசாரிப்பதற்கு முன்பே பார்க்க வேண்டிய கேள்வி இது. 'என்' என்ற எழுத்தில் தொடங்கும் அமெரிக்கப் பதிவெண் ஒரு தனிநபருக்குக் கிடைக்க வேண்டுமானால், அவர் அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு பெற்ற நிரந்தரக் குடியிருப்பாளராகவோ இருக்க வேண்டும். எச்-1பி போன்ற பணி விசாவில் இருப்பவர் தன் சொந்தப் பெயரில் பதிவு செய்ய இயலாது. நண்பர்கள் சேர்ந்து வாங்கும்போதும், பதிவில் இடம்பெறும் ஒவ்வொருவரும் இந்தத் தகுதியைப் பெற்றிருக்க வேண்டும். அறக்கட்டளை மூலமாகவும் நிறுவனத்தின் பெயரிலும் பதிவு செய்யும் வழிகள் சட்டத்தில் உள்ளன. ஆனால் இவ்வளவு சிறிய விமானத்திற்கு அவற்றின் செலவும் நிபந்தனைகளும் பொருந்துவது அரிது. விசாவில் இருப்பவர்கள் கிரீன் கார்டு வரும்வரை வாடகை விமானத்திலோ பறப்புக் கழகம் ஒன்றின் விமானத்திலோ பறப்பதே நல்லது.

பயிற்சிக்கும் ஒரு நடைமுறை இருக்கிறது. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத அனைவரும், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் உட்பட, தனியார் விமானி உரிமத்துக்கான முதற்கட்டப் பயிற்சியைத் தொடங்குவதற்கு முன் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.ஏ.யிடம் விண்ணப்பித்துப் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும். கைரேகை கொடுப்பது, ஆவணங்களைப் பதிவேற்றுவது, கட்டணம் செலுத்துவது ஆகியவற்றுக்கெல்லாம் நேரம் பிடிக்கும் என்பதால், பயிற்றுநரைத் தேர்ந்தெடுத்த உடனேயே இதைத் தொடங்கிவிட வேண்டும்.

உரிமமும் உடல்தகுதியும்

தனியார் விமானி உரிமத்துக்குக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. கேட்கும் குறைந்தபட்சப் பறப்பு நேரம் 40 மணி. அதில் 20 மணி நேரம் பயிற்றுநருடனும் 10 மணி நேரம் தனியாகவும் பறந்திருக்க வேண்டும். நடைமுறையில் பெரும்பாலோருக்கு இதைவிடக் கணிசமாகக் கூடுதல் நேரம் தேவைப்படுகிறது. வாரத்திற்கு ஒருமுறைக்கும் குறைவாகப் பறப்பவர்கள் கற்றதை மறந்து மறுபடி கற்பதிலேயே பணத்தை இழக்கிறார்கள்.

20 மணி நேரக் குறைந்தபட்சப் பயிற்சியோடு பெறக்கூடிய ஸ்போர்ட் பைலட் உரிமம் முன்பு மிக எடை குறைந்த விமானங்களுக்கு மட்டுமே செல்லுபடியாயிற்று; 150, 152 இரண்டும் அந்த வரம்புக்கு வெளியே இருந்தன. 2025 ஜூலையில் எஃப்.ஏ.ஏ. அறிவித்த மோசைக் என்ற புதிய விதிகளின்படி அந்த வரம்பு விரிவாக்கப்பட்டு, 2025 அக்டோபர் 22 முதல் இந்த உரிமம் உள்ளவர்களும் இவற்றை ஓட்ட முடிகிறது. இந்த வழியில் செல்வோருக்கு ஓட்டுநர் உரிமமே உடல்தகுதிச் சான்றாக ஏற்கப்படும். ஆனால் ஒருவர் கடைசியாக விண்ணப்பித்த விமானி மருத்துவச் சான்று மறுக்கப்பட்டிருந்தால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டிப் பறக்க முடியாது. ஆகவே உடல்நிலையில் சந்தேகம் உள்ளவர்கள் மருத்துவச் சான்றுக்கான படிவத்தைச் சமர்ப்பிப்பதற்கு முன்பே விமானியர் மருத்துவத்தில் அனுபவமுள்ள மருத்துவரிடம் ஆலோசனை பெற வேண்டும். நீரிழிவும் ரத்த அழுத்தமும் நம்மவர்களிடையே பரவலாக இருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

எந்த ஆண்டு மாதிரி?

150க்கும் 152க்கும் உள்ள முக்கிய வேறுபாடு எஞ்சினில் இருக்கிறது. 150இல் இருப்பது 100 குதிரைத்திறன் கொண்ட கான்டினென்டல் ஓ-200. அதைப் பிரித்துப் புதுப்பிக்கத் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் இடைவெளி 1,800 மணி. 152இன் பெரும்பாலான விமானங்களில் இருப்பது 110 குதிரைத்திறன் கொண்ட லைகமிங் ஓ-235. அதற்கு 2,400 மணி. அனுமதிக்கப்பட்ட மொத்த எடை பிந்தைய 150களில் 1,600 பவுண்டு, 152இல் 1,670 பவுண்டு. 1964க்கு முற்பட்ட 150களில் இந்த வரம்பு 1,500 பவுண்டு மட்டுமே என்பதால், இரண்டு பெரியவர்கள் சேர்ந்து பறக்க நினைப்பவர்கள் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. 1964 மாதிரியில் பின்பக்கக் கண்ணாடியும், 1966 மாதிரியில் பின்னோக்கிச் சாய்ந்த வாலும் மின்சாரத்தால் இயங்கும் பிளாப்பும் (மெதுவாகப் பறந்து இறங்குவதற்காக இறக்கையின் பின்விளிம்பில் தாழ்த்தப்படும் தகடு) வந்தன.

ஓ-200 எஞ்சின் 80 ஆக்டேன் எரிபொருளுக்காக வடிவமைக்கப்பட்டது. இன்று கிடைக்கும் 100எல்எல் என்ற விமானப் பெட்ரோலில் அனுமதிக்கப்படும் ஈயத்தின் அளவு பழைய எரிபொருளில் இருந்ததைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. அந்த ஈயம் ஸ்பார்க் பிளக்குகளின் அடியில் சிறுசிறு உருண்டைகளாகப் படிந்து எஞ்சினைத் தடுமாற வைக்கிறது. தரையில் ஓடும்போதே எரிபொருள் கலவையைக் குறைத்து வைத்துக்கொள்வது இதற்கு நல்ல தடுப்பு. எத்தனால் கலக்காத கார் பெட்ரோலைப் பயன்படுத்த 1982இல் விமான ஆர்வலர்களின் சங்கமான இ.ஏ.ஏ. அமைப்பு செஸ்னா 150க்குத்தான் முதன்முதலாக அனுமதிச் சான்று பெற்றது. அந்தச் சான்றை வாங்கி, விமானத்தின் ஆவணங்களில் முறையாகப் பதிந்த பிறகே அந்தப் பெட்ரோலை ஊற்றலாம்.

இதே விலையில் பைப்பர் டோமஹாக், பீச்கிராஃப்ட் ஸ்கிப்பர், கிரம்மன் ஏஏ-1 போன்றவையும் கிடைக்கும். டோமஹாக்கின் உள்ளிடம் செஸ்னாவைவிட அகலமானது; ஆனால் அதன் இறக்கைக்கு 11,000 மணி என்ற ஆயுள் வரம்பு உண்டு. பறப்புப் பள்ளிகளில் உழைத்த விமானங்கள் அந்த எண்ணை நெருங்கியிருக்கக்கூடும் என்பதால் மொத்தப் பறப்பு நேரத்தை முதலில் கேட்க வேண்டும். முதல்முறை வாங்குபவருக்கு என் பரிந்துரை செஸ்னாதான்.

செலவுக் கணக்கு

இதை எழுதி வைத்துப் பார்க்காமல் யாரும் முன்பணம் கொடுக்கக் கூடாது. ஊருக்கு ஊர் தொகைகள் வெகுவாக மாறும் என்பதால், கீழே உள்ளவற்றைக் கணக்கிடும் முறைக்கான மாதிரியாக மட்டும் கொண்டு, உங்கள் விமான நிலையத்தின் உண்மையான எண்களை அவற்றின் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பறந்தாலும் பறக்காவிட்டாலும் வருவது நிலையான செலவு. திறந்தவெளியில் கட்டி நிறுத்த மாதம் 100 டாலர் என்றால் ஆண்டுக்கு 1,200; காப்பீடு 1,000; ஆண்டுப் பரிசோதனை 1,500; வரைபடங்களுக்கும் மென்பொருளுக்கும் 200; எதிர்பாராத பழுதுகளுக்கு 1,500. மொத்தம் 5,400 டாலர். பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் வருவது மற்றொரு வகை. மணிக்கு 6 கேலன் எரிபொருள், கேலன் ஆறரை டாலர் என்றால் 39 டாலர், எண்ணெய்க்கு 3, எஞ்சின் புதுப்பித்தலுக்கு 30,000 டாலர் ஆகும் என்று கொண்டு அதை 1,800 மணியால் வகுத்தால் ஏறத்தாழ 17. ஆக மணிக்கு 59 டாலர்.

ஆண்டுக்கு 100 மணி பறப்பவருக்கு மொத்தச் செலவு 11,300 டாலர், மணிக்கு 113. அதே விமானத்தை 40 மணி மட்டும் பறப்பவருக்கு மொத்தம் 7,760 டாலர். ஆனால் மணிக்கு 194. இரண்டாவது நபர் பறப்புப் பள்ளியில் வாடகைக்கு எடுத்திருந்தால் ஏறத்தாழ அதே செலவில், பராமரிப்புக் கவலை ஏதுமின்றிப் பறந்திருப்பார். ஆண்டுக்கு 70, 80 மணியாவது பறக்கும் நேரமும் மனமும் இருந்தால்தான் தனியாக வாங்குவதில் பொருள் இருக்கிறது. அவ்வளவு நேரம் இல்லாதவர்கள் நம்பிக்கையான ஒருவரோடு பங்கு சேர்வது நல்லது. நிலையான செலவு பாதியாகும்; விமானமும் ஓய்ந்து கிடக்காது. ஆனால் விலகும்போது பங்கின் விலையை எப்படி நிர்ணயிப்பது, பழுதுக்கு யார் எவ்வளவு தருவது, யார் எந்த நாளில் பறப்பது என்பனவற்றை நட்பு நன்றாக இருக்கும்போதே எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எஞ்சின் கணக்கில் பலர் தவறிவிடும் இடம் ஒன்று உண்டு. கடைசியாகப் புதுப்பித்து 1,500 மணி ஓடிவிட்ட எஞ்சினை வாங்குபவருக்கு, பரிந்துரைக்கப்பட்ட வரம்புக்குள் மீதமிருப்பது 300 மணி மட்டுமே. 30,000 டாலரை அந்த 300 மணிக்குள் சேர்க்க வேண்டுமானால் மணிக்கு 100 டாலர் எடுத்து வைக்க வேண்டும். வணிக நோக்கமின்றிப் பறப்பவருக்கு இந்த இடைவெளி சட்டக் கட்டாயம் ஆகாது. நல்ல நிலையில் இருக்கும் எஞ்சின் அதைத் தாண்டியும் ஓடும். ஆயினும் விலை பேசும்போது அது தீர்ந்துவிட்ட எஞ்சின் என்று கருதியே பேச வேண்டும்.

பதிவேடுகளைப் படித்தல்

விமானத்தைப் பார்க்கப் போவதற்கு முன், அதன் உடல், எஞ்சின், புரொபெல்லர் ஆகியவற்றின் பதிவேடுகளை ஒளிநகலாகக் கேட்டு வாங்கி, ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து படியுங்கள். பளபளக்கும் வண்ணப்பூச்சு எதையும் சொல்லாது, பதிவேடு சொல்லும். ஒவ்வோர் ஆண்டும் எத்தனை மணி பறந்தது என்பதைத் தனித்தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். 1990களில் ஆண்டுக்கு 80 மணி பறந்த விமானம் பிறகு மூன்று ஆண்டுகள் மொத்தமாகவே 6 மணிதான் பறந்தது என்று தெரிந்தால், அந்த இடைவெளியில் எஞ்சினுக்குள் துரு ஏறியிருக்க வாய்ப்பு உண்டு. லைகமிங் எஞ்சினில், வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட், முதன்மைச் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருப்பதால் நிறுத்தி வைத்திருக்கும்போது அதன்மேல் இருக்கும் எண்ணெய்ப்படலம் வடிந்துபோய்த் துருவுக்கு வழிவிடுகிறது. ஓ-200இல் அது கீழே இருக்கிறது. ஆகவே நீண்ட நாள் நின்ற 152ஐப் பார்க்கும்போது எச்சரிக்கை இரட்டிப்பாக இருக்க வேண்டும்.

பெரிய பழுதுகளும் மாற்றங்களும் 337 எண்ணிட்ட படிவத்தில் பதிவாகி, ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்.ஏ.ஏ. பதிவகத்தில் சேர்க்கப்படுகின்றன. அங்கிருந்து விமானத்தின் முழு ஆவணத் தொகுப்பையும் வாங்கிப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். இறக்கை மாற்றப்பட்டதாகப் படிவம் இருந்து, பதிவேட்டில் விபத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால் விற்பவரிடம் விளக்கம் கேட்க வேண்டும். விமானத்தின் மீது கடன் நிலுவை எதுவும் இல்லை என்பதை உறுதிசெய்யும் உரிமைத் தேடலையும் அதே நேரத்தில் செய்துவிடலாம்.

எஃப்.ஏ.ஏ.யின் கட்டாயப் பாதுகாப்பு ஆணைகளில் இரண்டைத் தனியே தேடிப் பாருங்கள். முதலாவது இருக்கைத் தண்டவாளம் பற்றியது. இருக்கையைப் பூட்டும் ஊசி தேய்ந்த துளையில் சரியாக உட்காராமல் போனால், விமானம் ஓடுபாதையிலிருந்து எழும் கணத்தில் இருக்கை சட்டென்று பின்னால் வழுக்கும். கட்டுப்பாட்டுப் பிடியைப் பிடித்திருக்கும் விமானி தன்னையறியாமல் அதையும் இழுத்துவிடுவார், மூக்கு செங்குத்தாக எழும். இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. தண்டவாளத்தின் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்துள்ளனவா என்று விரலால் தடவிப் பாருங்கள்; இருக்கையில் அமர்ந்து பூட்டிய பிறகு உடலை முன்னும் பின்னும் வேகமாக அசைத்துப் பாருங்கள். இரண்டாவது ஆணை 2009இல் வந்தது. வால் சுக்கானின் தடுப்பு பற்றியது. பழைய தடுப்பைத் தாண்டிச் சுக்கான் ஒரு பக்கமாகச் சிக்கிக்கொண்டால் சுழல்வீழ்ச்சியிலிருந்து மீள முடியாது. 1998இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஒரு 152 இவ்வாறு விழுந்த பிறகே இந்தக் குறை பரவலாகத் தெரியவந்தது. புதிய தடுப்பு பொருத்தப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் சுழல்வீழ்ச்சிப் பயிற்சி தடைசெய்யப்பட்டுள்ளது என்ற அறிவிப்புத் தகடு இருக்க வேண்டும்.

வாங்குவதற்கு முந்தைய பரிசோதனை

இதற்கு நீங்கள் அமர்த்தும் மெக்கானிக் விற்பவருக்கு அந்த விமானத்தை இதுவரை பராமரித்தவராக இருக்கக் கூடாது. ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு என்ற அளவை வைத்துச் சோதிப்பார்கள். எண் மட்டும் போதாது, காற்று எங்கிருந்து கசிகிறது என்பதும் முக்கியம். எக்ஸாஸ்ட் குழாய் வழியாகச் சீறல் கேட்டால் வால்வில் கோளாறு. சிறு கேமராவை உள்ளே விட்டு வால்வுகளின் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் வடிகட்டியை வெட்டிப் பிரித்து, மடிப்புகளுக்குள் உலோகத்துகள் மின்னுகிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பது சில நிமிட வேலை. அதைத் தவறவிடக் கூடாது.

பயிற்சியில் இருந்த விமானம் மூக்குச் சக்கரத்தில் பலமுறை அறைந்து இறங்கியிருக்கும். எஞ்சினுக்கும் அறைக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகட்டின் கீழ்ப்பகுதியில் சுருக்கங்களோ புதிய ரிவெட்டுகளோ தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். கடலோர ஊர்களில் வெளியே நின்ற விமானங்களில், இறக்கையின் சோதனைத் துளைகளைத் திறந்து உள்ளே அரிப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. பெரிய நகரங்களின் அருகே பறப்பதானால் விமானத்தின் இருப்பிடத்தைத் தானாகவே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி கருவி பொருத்தப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். 2020 ஜனவரி முதல் அங்குள்ள வான்பரப்பில் அது கட்டாயம்.

பத்திரமும் பதிவும்

இந்தப் பகுதி எளிது. விற்பனைப் பத்திரத்துக்கு 8050-2 படிவம், பதிவு விண்ணப்பத்துக்கு 8050-1. பதிவுக் கட்டணம் 5 டாலர். பதிவு 7 ஆண்டுகளுக்குச் செல்லும். மாநில வரி தனி. அதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். காப்பீடு நீங்கள் விமானத்தை எடுத்துச் செல்லும் நாளிலிருந்து நடைமுறையில் இருக்க வேண்டும். புதிய உரிமையாளர் பயிற்றுநருடன் இத்தனை மணி பறக்க வேண்டும் என்று காப்பீட்டில் நிபந்தனை இருந்தால், அதை முடிக்கும் முன் தனியாக எடுத்துச் செல்ல வேண்டாம்.

விமானத்துக்குள் எப்போதும் இருக்க வேண்டியவை: பறப்புத் தகுதிச் சான்று, பதிவுச் சான்று, இயக்க வரம்புகளைச் சொல்லும் கையேடு, எடைச் சமநிலைத் தாள்.

எடை: இந்த விமானத்தின் உண்மையான எல்லை

இரண்டு இருக்கை இருப்பதால் இருவரும் முழு டேங்கும் பெட்டிகளும் ஏறலாம் என்று கொள்ளக் கூடாது. 152 ஒன்றின் வெற்று எடை 1,130 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். மொத்த வரம்பு 1,670 என்பதால் ஏற்றக்கூடியது 540. சாதாரண டேங்கில் பயன்படும் எரிபொருள் 24.5 கேலன், கேலனுக்கு 6 பவுண்டு வீதம் 147. மீதம் 393. தலா 180 பவுண்டு, அதாவது 82 கிலோ எடையுள்ள இருவர் அமர்ந்தால் 33 பவுண்டுதான் மிச்சம். இருவரில் ஒருவர் 100 கிலோவாக இருந்தால் எரிபொருளைக் குறைக்க வேண்டிவரும். எரிபொருளைக் குறைத்தால் பயணத்தின் நடுவே ஒருமுறை இறங்கி நிரப்ப வேண்டிவரும். இதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு திட்டமிடுபவருக்கு இந்த விமானம் நெடுநாள் உழைக்கும்.

வெப்பமும் உயரமும் சேரும்போது வரம்பு இன்னும் சுருங்குகிறது. டென்வர் நகருக்கு அருகிலுள்ள சென்டெனியல் விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 5,885 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே 30 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள பிற்பகலில், காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 9,000 அடி உயரத்தில் இருப்பதைப் போல் ஆகிவிடும். கடல்மட்டத்தில் நிமிடத்துக்கு 715 அடி ஏறும் 152, அங்கே அதில் ஏறத்தாழ பாதி வேகத்தில்தான் ஏறும். அத்தகைய ஊர்களில் விடியற்காலையில் புறப்படுவதே முறை.

பறக்கும் நாளில்

டேங்கின் மூடியைத் திறந்து, அளவுகோலை விட்டு எரிபொருளைப் பாருங்கள். பலகையிலுள்ள முள்ளை நம்பிப் புறப்படக் கூடாது. ஒவ்வொரு வடிகாலிலிருந்தும் சிறு குப்பியில் பெட்ரோலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது 100எல்எல் இளநீல நிறத்தில் இருக்கும். தண்ணீர் இருந்தால் நிறமற்ற குமிழாக அடியில் நிற்கும். மழைக்குப் பிறகு பழைய மூடிகளின் வழியே தண்ணீர் இறங்குவது இந்த விமானங்களில் அடிக்கடி நடப்பது. எண்ணெய் 4 குவார்ட்டுக்குக் கீழே இருந்தால் புறப்படக் கூடாது.

எஞ்சினைச் சூடாக்கி, நிமிடத்துக்கு 1,700 சுற்றுகளில் வைத்து ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் இரண்டு மேக்னெட்டோக்களையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். 152இல் எதிலும் 125 சுற்றுக்கு மேல் இறங்கக் கூடாது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 50ஐத் தாண்டக் கூடாது. அதே நேரத்தில், கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் வெப்பக் கட்டுப்பாட்டை இழுத்து, சுற்று சற்று இறங்குகிறதா என்று பாருங்கள்; இறங்கினால்தான் அது வேலை செய்கிறது. இந்தச் சோதனையை யாரும் கடமைக்காகச் செய்யக் கூடாது. ஏனெனில் ஓ-200 எஞ்சின் கார்புரேட்டரில் பனி உறைவதற்குப் பெயர்போனது. 20 டிகிரி வெப்பத்திலும் காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் உள்ளே பனி உறையும். முதல் அறிகுறி, தொடாமலேயே சுற்றுகள் மெல்லக் குறைவது. உடனே வெப்பத்தை முழுவதும் திறக்க வேண்டும். உருகும் பனி எஞ்சினுக்குள் செல்லும்போது சில கணங்கள் எஞ்சின் இன்னும் மோசமாகத் தடுமாறும். அதைக் கண்டு பயந்து வெப்பத்தை மூடிவிடுவதுதான் ஆபத்து. தடுமாற்றம் தீரும்வரை திறந்தே வைத்திருக்க வேண்டும்.

152இல் 50 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) வேகத்தில் மூக்கை எழுப்பி, 67 நாட்டில் ஏற வேண்டும். எஞ்சின் நின்றால் 60 நாட்டில் மிதந்து இறங்க வேண்டும். இறங்குவதற்கு ஓடுபாதைக்கு இணையாக 1,000 அடி உயரத்தில் வரும்போதே கார்புரேட்டர் வெப்பத்தைத் திறந்து, பிளாப்பைப் படிப்படியாக இறக்கி, இறுதி நேர்க்கோட்டில் 60 நாட் அளவில் வைத்திருங்கள். 150இன் பிளாப் 40 டிகிரி வரை இறங்கும். முழுவதும் இறக்கிய நிலையில் திரும்பவும் மேலெழ வேண்டிவந்தால், 100 குதிரைத்திறன் எஞ்சின் அந்த இழுவையை எதிர்த்து ஏறத் திணறும். முழு விசை கொடுத்த உடனேயே பிளாப்பை 20 டிகிரிக்கு உயர்த்த வேண்டும். செஸ்னா 152இல் இதே காரணத்தால் வரம்பை 30 டிகிரியாகக் குறைத்ததை நல்ல முடிவு என்றே கருதுகிறேன். அனுபவம் சேரும்வரை 150இலும் 30 டிகிரிக்கு மேல் இறக்காமல் இருக்கலாம்.

பகலில் சென்றுசேரும் இடத்தைத் தாண்டி 30 நிமிடத்துக்கு எரிபொருள் மீதம் இருக்க வேண்டும் என்பது சட்டம். 1 மணி நேரத்துக்கு வைத்திருப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். நண்பர்களை அழைத்துச் செல்லும்போது தனியார் விமானி கூலி வாங்கக் கூடாது. எரிபொருள், எண்ணெய், விமான நிலையக் கட்டணம் ஆகியவற்றைத் தலைக்குச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளலாம். விமானியும் தன் பங்கைக் கொடுக்க வேண்டும். பயணியுடன் பறப்பதற்கு முந்தைய 90 நாட்களில் 3 முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்பதும், 24 மாதங்களுக்கு ஒருமுறை பயிற்றுநரிடம் மறுஆய்வு செய்துகொள்ள வேண்டும் என்பதும் மறக்கக் கூடாதவை.

பராமரிப்பில் உங்கள் கை

ஆண்டுப் பரிசோதனையில் கையெழுத்திடப் பரிசோதனை அதிகாரம் பெற்ற மெக்கானிக்கால் மட்டுமே முடியும். ராடாருக்குப் பதில் சமிக்ஞை அனுப்பும் டிரான்ஸ்பாண்டருக்கு 24 மாதங்களுக்கு ஒருமுறையும், அவசரகாலச் சமிக்ஞைக் கருவிக்கு 12 மாதங்களுக்கு ஒருமுறையும் சோதனை உண்டு. ஆனால் தனியார் விமானி உரிமம் பெற்ற உரிமையாளர் தானே சட்டப்படி செய்துகொள்ளக்கூடிய வேலைகளும் இருக்கின்றன. எண்ணெய் மாற்றுவது, டயர் மாற்றுவது, ஸ்பார்க் பிளக்குகளைச் சுத்தம் செய்வது, பேட்டரி மாற்றுவது போன்றவை அவற்றில் சில. செய்த வேலையை நாள், விவரம், கையெழுத்து, உரிம எண்ணோடு பதிவேட்டில் எழுத வேண்டும். ஆண்டுப் பரிசோதனையின்போது மூடிகளைக் கழற்றித் தருகிறேன், சக்கரங்களுக்கு கிரீஸ் வைக்கிறேன் என்று மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்கள், பலர் சம்மதிப்பார்கள். செலவு குறைவதோடு, உங்கள் விமானத்தின் ஒவ்வொரு கம்பியும் எங்கே போகிறது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

வடிகட்டி பொருத்தப்பட்ட எஞ்சினுக்கு 50 மணிக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினால் போதும். பல பழைய 150களில் கம்பிவலை மட்டுமே இருக்கும். அவற்றுக்கு 25 மணி. மணி நிறைவேறாவிட்டாலும் 4 மாதங்களுக்குள் மாற்றிவிட வேண்டும், ஏனெனில் ஓடாத எஞ்சினின் எண்ணெயில் ஈரமும் அமிலமும் சேர்கின்றன. மழையாலும் வேலையாலும் சில வாரங்கள் பறக்க முடியாமல் போனால், தரையிலேயே 10 நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைப்பது உதவாது. அந்த நேரத்தில் எண்ணெய் போதிய அளவு சூடாவதில்லை. எரிதலில் உண்டான நீராவி உள்ளேயே தங்கிவிடுகிறது. பறக்க முடியும் நாளில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பறந்து, எண்ணெய் நன்றாகச் சூடான பிறகு இறக்குங்கள். நியூஜெர்சி, மிச்சிகன் போன்ற குளிர் மாநிலங்களில் உறைபனிக் காலத்தில் எஞ்சினை முன்கூட்டியே சூடேற்றிவிட்டுத்தான் கிளப்ப வேண்டும். கட்டியான எண்ணெய் பரவுவதற்குள் எஞ்சினின் உள்பாகங்கள் உராய்ந்து தேயும்.

முதல் ஆண்டுப் பரிசோதனையில் எதிர்பாராத செலவு வருவது இயல்பு. முந்தைய உரிமையாளர் தள்ளிப்போட்ட வேலைகள் புதியவரின் மெக்கானிக் கண்ணில் படுகின்றன. ஆகவே வாங்கும்போது கையிருப்பு முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடாமல், விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது அந்த முதல் ஆண்டுக்காக வங்கியில் விட்டு வைக்க வேண்டும். அது இல்லாமல் வாங்குவதைவிட, ஆறு மாதம் பொறுத்து அதைச் சேர்த்துக்கொண்டு வாங்குவதே மேல்.